மூணாவது கையில் இருக்கும் நான் இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா? (ராணுவ ஜாப் ஒர்க்)

பீளமேடு பட்டறை

வணக்கம். இத்தனை நாள் படிப்பதோடு சரி, இன்றைக்கு ஒரு சிக்கல் வந்ததால் எழுதுகிறேன். கோவையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். ரெண்டு சிஎன்சி, அப்பா காலத்து லேத் ஒன்று, என்னையும் சேர்த்து ஏழு பேர். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. ரெண்டு வருடமாக ஒரு பெரிய பட்டறை மூலமாகப் பாதுகாப்புத் துறை வேலை கொஞ்சம் வருகிறது. மூலமாக என்றால், எனக்கு வேலை கொடுப்பவர் இன்னொரு கம்பெனிக்குச் செய்கிறார். அந்தக் கம்பெனி யாருக்குச் செய்கிறது, கடைசியில் இது பீரங்கிக்குப் போகிறதா லாரிக்குப் போகிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. டிராயிங்கில் பெயர் இருக்கும் மூலையை மறைத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். ஒரு பின், ஒரு புஷ், அளவு, டாலரன்ஸ், இஎன் 24 என்ற நிக்கல் கலந்த ஸ்டீல், அவ்வளவுதான்.

போன வாரம் மெயிலில் ஒரு படிவம் வந்தது. ஒரே பக்கம். நாங்கள் கொடுக்கும் பொருளில் உள்நாட்டு மதிப்பு இத்தனை சதவீதம், நம்மோடு நில எல்லை உள்ள நாடுகளிலிருந்து வந்த மூலப்பொருள் எதுவும் இதில் இல்லை, பின்னால் தவறு என்று தெரிந்தால் முழுப் பொறுப்பும் எங்களுடையது என்று எழுதி, கீழே சீல் வைத்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

நான் ராடு வாங்குவது ஒரு இரும்பு வியாபாரியிடம். எம்டிசி, அதாவது மில் கொடுக்கும் டெஸ்ட் சான்றிதழ் என்று ஒரு ஜெராக்ஸ் கொடுப்பார், அது ஜெராக்ஸின் ஜெராக்ஸ், எந்த உருக்கில் வந்த இரும்பு என்று சொல்லும் ஹீட் நம்பரில் இருப்பது எட்டா மூன்றா என்று பார்த்துச் சொல்ல முடியாது. யாரிடம் வாங்கினீர்கள் என்றால் சிரிக்கிறார். இதை வைத்துக்கொண்டு சீனச் சரக்கு இல்லை என்று நான் எப்படி எழுதிக் கொடுப்பது? போடாவிட்டால் நாலு மாதமாக நிற்கும் பில் வராது என்று ஜாடையாகச் சொல்லியும் விட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா வந்தவன்

போட்டுவிட்டு வேலையைப் பாருங்க அண்ணா. எல்லாரும் போடுகிறார்கள். உங்க பட்டறைக்கு டெல்லியிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

ஆவடி ரிட்டையர்டு

//யாரும் வரப்போவதில்லை//

வருவார்கள் தம்பி, மூன்று வருடம் கழித்து வருவார்கள், அதுதான் பிரச்சினை. முப்பது வருடம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன் சொல்கிறேன், தனுஷ் பீரங்கி பேரிங் விவகாரத்தை மறந்துவிட்டீர்களா? சினிமா தனுஷ் இல்லை, 155 மி.மீ. 45 காலிபர் பீரங்கி. போஃபர்ஸ் வாங்கியபோது கூடவே வந்த டிராயிங்கை வைத்து ஜபல்பூர் கன் கேரேஜ் ஃபேக்டரியில் நாமே செய்தது.

அதற்கு ஒயர் ரேஸ் ரோலர் பேரிங் வேண்டும். 2013இல் டெண்டர். டெல்லியில் ஒரு நிறுவனம் நாலு பேரிங் 35.38 லட்சத்துக்கு எடுக்கிறது, 2014 ஆகஸ்டில் அதை ஆறாக்கி 53.07 லட்சம் ஆக்குகிறார்கள். பேரிங் மேல் ஜெர்மனியில் செய்தது என்று அடித்திருந்தது. 2017 ஜூலையில் சிபிஐ போட்ட எஃப்ஐஆர், அவை சீனாவில் ஹெனான் மாகாணத்தில் ஒரு கம்பெனி செய்தவை என்றும், ஜெர்மன் சான்றிதழ் போலி என்றும் சொல்லியது. அந்த நிறுவனத்தின் மீதும், பெயர் குறிப்பிடாமல் ஃபேக்டரி அதிகாரிகள் மீதும் வழக்கு. குற்றச்சாட்டுதான், தீர்ப்பு என்று நான் சொல்லவில்லை.

எனக்குத் தூக்கம் கெட்டது சீனா என்பதால் இல்லை. பேரிங் வந்தபோது அளவில் வித்தியாசம் இருந்தது தெரிந்திருக்கிறது. முதலில் ஏற்க முடியாது என்றிருக்கிறார்கள். பழுது வந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று சப்ளையர் சொன்னதும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு எங்கள் பாஷையில் டிவியேஷன் என்று பெயர். டிராயிங்கில் இருந்து கொஞ்சம் விலகியிருக்கிறது, ஆனால் வேலைக்கு ஆகும் என்று ஒரு கமிட்டி கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்வது. அது தேவையான ஏற்பாடுதான், இல்லையென்றால் ஒரு டாங்கி கூட வெளியே போகாது. மார்ச் மாதம் வந்துவிட்டால் டிவியேஷன் தாள் மழை மாதிரி வரும், டார்கெட் முடிக்க வேண்டுமே. நானே போட்டிருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் மேலே ஜெர்மனி என்று எழுதியிருக்கும் பேரிங் அளவில் தவறி வந்தால், எதற்காகத் தவறியது, ஜெர்மன்காரன் இப்படியா செய்வான் என்று ஒரு ஆளாவது அந்தக் கம்பெனிக்கே நேராக ஒரு மெயில் போட்டுக் கேட்டிருக்க வேண்டாமா? பாகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை.

கேள்வி கந்தசாமி

அதென்ன சார், ஆறு பேரிங் 53 லட்சமா! ஒன்று எட்டே முக்கால் லட்சத்துக்கும் மேல். இதிலும் கமிஷன் அடித்திருப்பான். போஃபர்ஸ் காலத்திலிருந்து இதே கதைதான், 1437 கோடி, 410 பீரங்கி, ஸ்வீடன் ரேடியோ சொல்லித்தானே நமக்கே தெரிந்தது. அரசாங்கம் எதற்கு இருக்கிறது? கீழே யார் செய்கிறான் என்று பார்க்கக்கூட வக்கில்லையா?

கணக்கு ஆபீஸ்

கந்தசாமி, போஃபர்ஸை இழுக்க வேண்டாம், அது தரகர் கதை, இங்கே பேசுவது வேறு. தரகு வாங்குவது மேலே நடக்கும், இது கீழே நடப்பது. ரெண்டையும் சேர்த்தால் ரெண்டும் புரியாது.

பாதுகாப்புக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கொஞ்சம் விளக்குகிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசு ஒப்பந்தம் போடுவது முதல் கம்பெனியோடு மட்டும். அவருக்குக் கீழே இருப்பவர் அவரோடு ஒப்பந்தம் போட்டவர். பீளமேட்டுக்காரருக்கும் அமைச்சகத்துக்கும் நடுவில் ஒரு தாள்கூடக் கிடையாது. அதனால் அமைச்சகம் உங்கள் பட்டறைக் கதவைத் தட்டி உள்ளே வர வேண்டுமென்றால், முதல் கம்பெனி தன் ஒப்பந்தத்தில் அதற்கு இடம் கொடுத்து, அவர் கீழே கொடுத்த ஆர்டரிலும் அதே வரியைப் போட்டு, அதற்கடுத்தவரும் போட்டிருக்க வேண்டும். ரெண்டாவது படியிலேயே அந்த வரி காணாமல் போய்விடும். உங்களுக்கு வந்த ஆர்டரில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

அடுத்து இந்த உள்நாட்டு மதிப்பு. 2020 கொள்முதல் நடைமுறைப்படி, எல்லாப் படிகளிலும் இறக்குமதியான பொருளின் விலையைக் கழித்துவிட்டு மிச்சம்தான் உள்நாட்டு மதிப்பு. எல்லாப் படிகளிலும் என்பதைக் கவனியுங்கள். அப்படியானால் உங்கள் ராடு வரைக்கும் கணக்கு வந்தாக வேண்டும். ஆனால் அதை நிரூபிப்பது எப்படி? கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குச் சான்று கொடுப்பார், அவர் அதைச் சேர்த்து அவருக்கு மேலே கொடுப்பார், உச்சியில் ஆடிட்டர் சீல். அமைச்சகத்துக்குச் சரிபார்க்கும் உரிமை உண்டு, உண்மையில் எத்தனை படி இறங்கிப் பார்த்திருக்கிறோம் என்று என்னைக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன்.

இனி எல்லை நாடு விஷயம். 2020 ஜூலை 23 அன்று நிதி அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டது, நில எல்லை உள்ள நாட்டு நிறுவனங்கள் பதிவு செய்யாமல் அரசு டெண்டரில் கலந்துகொள்ள முடியாது என்று. கல்வானில் சீன ராணுவத்தோடு மோதல் நடந்த அடுத்த மாதம், எல்லோரும் கை தட்டினோம். 2021இல் ஒரு விளக்கம் வந்தது, அதை யாரும் படிக்கவில்லை. அந்த நாட்டிலிருந்து மூலப்பொருளோ உதிரிபாகமோ வாங்குவது துணை ஒப்பந்தமாகக் கருதப்படாது, அதற்குப் பதிவு தேவையில்லை என்று அதில் இருக்கிறது. முழுசாகச் செய்த பொருளை அங்கிருந்து வாங்கிக் கொடுத்தால்தான் பதிவு வேண்டும். ஆக, பொதுவான விதிப்படி உங்கள் ராடு சீனாவிலிருந்து வந்தாலும் தானாக அது குற்றமாகிவிடாது. ஆனால் உங்கள் மேல் படிக்காரரின் ஒப்பந்தத்தில் அதைவிடக் கடுமையான நிபந்தனை இருக்கலாம், ராணுவ ஒப்பந்தங்களில் இருக்கும். அப்போது இருப்பதை இல்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் பொய்ச் சான்று. உள்நாட்டுப் பொருள் முன்னுரிமை உத்தரவில் பொய்ச் சான்றுக்கு ரெண்டு வருடம் வரை தடை உண்டு.

சும்மா வந்தவன்

அதாவது சீன இரும்பு வாங்கலாம், வாங்கினேன் என்று சொல்லக் கூடாது?

கணக்கு ஆபீஸ்

கிட்டத்தட்ட.

டல்லாஸ்வாசி

இங்கே ஒரு விமான உதிரிபாகக் கம்பெனியில் சப்ளையர் குவாலிட்டியில் இருக்கிறேன். நீங்கள் எல்லாம் நினைக்கிற மாதிரி அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்காக இல்லை. ஆனால் இங்கே நடந்த ரெண்டு மூன்று விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பீளமேட்டு நண்பரின் படிவத்தில் என்ன கோளாறு என்று தெரியும்.

2022 செப்டம்பரில் எஃப்-35 விமானங்களை வாங்குவதை பென்டகன் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. காரணம், ஹனிவெல் செய்யும் டர்போமெஷின் என்ற பாகத்துக்குள் ஒரு காந்தம், அந்தக் காந்தத்தில் இருக்கும் சமாரியம் கோபால்ட் உலோகக் கலவை சீனாவில் செய்தது. அதைக் கண்டுபிடித்தது அரசு இல்லை. கீழ்ப்படியில் இருந்து தகவல் மேலே வந்து, விமானத்தைச் செய்யும் லாக்ஹீட் அரசிடம் சொன்னது. அதற்குள் கொடுத்த 800க்கும் மேற்பட்ட விமானங்களில் அதே கலவை. காந்தம் நன்றாகத்தான் வேலை செய்தது, தரத்தில் ஒரு குறையும் இல்லை, சட்டப்படி அந்த நாட்டிலிருந்து வந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். அக்டோபரில் விலக்கு எழுதிக்கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

இதற்கு நேர் எதிர் கதை வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா என்ற ஊரில். அங்கே ஒரு ஃபவுண்டரி, பெயர் பிராட்கென், அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு ஸ்டீல் வார்ப்பு செய்தது. இரும்பு அமெரிக்காவிலேயே வார்த்தது, பிறப்பிடத்தில் குற்றமே சொல்ல முடியாது. ஆனால் அங்கே இருந்த உலோகவியல் பொறியாளர் 1985 முதல் 2017 வரை, அதாவது முப்பது வருடத்துக்கும் மேலாக, டெஸ்டில் தோற்ற வார்ப்புகளுக்குத் தேறியதாக எண்களைத் திருத்திப் போட்டிருக்கிறார். 240க்கும் மேற்பட்ட வார்ப்புகள். மைனஸ் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சோதிக்கச் சொல்வது முட்டாள்தனம் என்று நினைத்ததாகவும் பிறகு சொன்னார். கடற்படை கண்டுபிடித்ததா, கப்பல் கட்டிய பெரிய கம்பெனிகள் கண்டுபிடித்தனவா? ரெண்டும் இல்லை. 2017இல் லேபில் இருந்த இன்னொரு ஊழியர் பழைய டெஸ்ட் அட்டைகள் திருத்தப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டார். கம்பெனி 10.9 மில்லியன் டாலர் கட்டியது, அந்தப் பொறியாளருக்கு 2022இல் இரண்டரை வருட சிறை.

ஒன்றில் பிறப்பிடம் தவறு, சரக்கு சரி. இன்னொன்றில் பிறப்பிடம் சரி, சரக்கு தவறு. ஆவடி ஐயா சொன்ன தனுஷ் பேரிங்கில், குற்றச்சாட்டு உண்மையென்றால், ரெண்டுமே தவறு. இரும்பை வெட்டி டெஸ்ட் பண்ணினால் அது இஎன் 24தானா என்று தெரியும், எந்த ஊர் இரும்பு என்று தெரியாது. ஊரைத் தாள்தான் சொல்லும். தரத்தைச் சோதிக்கலாம், பிறப்பிடத்தைத் தடம் பிடிக்கத்தான் முடியும். உங்களுக்கு வந்த படிவம் இந்த ரெண்டையும் ஒரே வரியில் போட்டு, ரெண்டுக்கும் கருவியோ தாளோ இல்லாத ஆளிடம் கையெழுத்துக் கேட்கிறது.

பீளமேடு பட்டறை

டல்லாஸ் அண்ணா, இது எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை. ஹீட் நம்பரைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன், பட்டறையில் இல்லாதவர்களுக்குத் தெரியாது. ராடு இருபதடி வரும். மில்லில் அடித்த நம்பர் ஒரு முனையில்தான் இருக்கும். வியாபாரி எனக்கு ஆறடி வெட்டித் தருகிறார் என்றால் நம்பர் இருக்கும் முனை அவர் கடையில் நின்றுவிடும், எனக்கு வருவது மொட்டை ராடு. அதே கடையில் அதே தடிமனில் வேறு மில் ராடும் கிடக்கும். பெயின்ட் கலர் வைத்துத்தான் பையன் எடுத்துப் போடுகிறான். மழையில் பெயின்ட் போய்விட்டால் கிரைண்டரில் வைத்துத் தீப்பொறியைப் பார்த்து இது அதுதான் என்பான். அநேகமாகச் சரியாகவும் சொல்லிவிடுவான், அது வேறு விஷயம்.

ஆவடி ரிட்டையர்டு

இனிமேல் முதல் வேலையாக நம்பர் இருக்கும் முனையோடு முழு ராடாக வாங்குங்கள், காசு கூடினாலும். வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் அந்த நம்பரைப் பஞ்ச் அடியுங்கள், கடைசித் துண்டை எடுத்து வையுங்கள். நாளைக்கு யார் கேட்டாலும் இதோ மிச்சம் என்று காட்டலாம். நாங்கள் இன்ஸ்பெக்ஷன் போகும்போது முதலில் தேடுவது அந்த மிச்சத் துண்டைத்தான். பத்தில் எட்டு இடத்தில் இருக்காது.

சிவப்புத் துண்டு

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். 41 ஆயுதத் தொழிற்சாலைகளை 2021 அக்டோபரில் ஏழு கம்பெனிகளாக உடைத்தார்கள். ஆவடி, திருச்சி, அரவங்காடு எல்லாம் அதில் போனது. உள்ளே செய்துகொண்டிருந்த வேலையை வெளியே கொடுக்க ஆரம்பித்தால் வெளியே இருப்பவன் அதற்கு வெளியே கொடுப்பான். லாபத்துக்குச் செய்பவனிடம் நேர்மையை எதிர்பார்ப்பது நம் தவறு. உள்ளேயே செய்திருந்தால் இந்தப் படிவமே வந்திருக்காது.

ஆவடி ரிட்டையர்டு

தோழர், கார்ப்பரேஷன் ஆக்கியதில் எனக்கும் வருத்தம்தான், நானும் அதே கேன்டீனில் சாப்பிட்டவன். ஆனால் தனுஷ் பேரிங் வாங்கியது 2013-14இல், முழுக்க அரசுத் தொழிற்சாலை, அரசு இன்ஸ்பெக்ஷன், அரசு கமிட்டி. பேரிங் எல்லாம் உள்ளே செய்ய முடியாது, சோவியத் காலத்திலிருந்தே பாதிச் சாமான் வெளியில்தான். உள்ளே செய்த சாமான் ஒழுங்கு என்றும் சொல்லிவிடாதீர்கள். 2014 முதல் 2020 வரை குறைபாடான வெடிபொருளால் 960 கோடி நஷ்டம் என்று ராணுவத்தின் உள் அறிக்கை சொன்னதாகச் செய்தி வந்ததே, அது நம் தொழிற்சாலைச் சரக்குதான். ஆயுதத் தொழிற்சாலை வாரியம் மறுத்தது, எல்லாப் பழியும் எங்களுடையது இல்லை என்றது. யார் சொன்னது சரி என்று சண்டை போடும் அளவுக்குத்தான் ரெண்டு பக்கமும் ரெக்கார்டு இருந்தது என்பது எனக்கு வெட்கம்.

சிவப்புத் துண்டு

அது வேறு. தனியார் செய்த ட்ரோன் கதையைச் சொல்லுங்களேன்.

கணக்கு ஆபீஸ்

சொல்ல வேண்டியதுதான். சீன எல்லையில் சாமான் சுமக்க அவசரக் கொள்முதலில் வாங்க இருந்த 400 ட்ரோன்கள், மூன்று ஒப்பந்தம், சுமார் 230 கோடி, 2025 பிப்ரவரியில் ரத்து என்று செய்தி வந்தது. உள்ளே சீனப் பாகங்கள். கொடுமையைப் பாருங்கள், சீன எல்லையில் பறக்கவிட வாங்கியது. அவசரக் கொள்முதல் என்றாலே காலக்கெடுவைச் சுருக்குவார்கள், சரிபார்ப்பும் கூடவே சுருங்கும். மோட்டார், கன்ட்ரோலர், கேமரா, பேட்டரி செல் எல்லாம் உலகத்தில் அதிகம் செய்வது அவர்கள். ஸ்டிக்கரை உரித்து நம் ஸ்டிக்கரை ஒட்டினால் உள்நாட்டுப் பொருள். இங்கே தரம் மோசம் என்பதைவிட, எதிரி நாட்டு மென்பொருள் உள்ளே இருந்தால் பறந்துகொண்டிருக்கும்போதே அவன் கைக்குப் போய்விடுமோ என்ற பயம். அதனால் ட்ரோனில் பிறப்பிடம் நிஜமாகவே முக்கியம். பின்னிலும் புஷ்ஷிலும் அவ்வளவு முக்கியமா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான், இரும்பு பேசாது. எல்லாவற்றுக்கும் ஒரே படிவத்தை அச்சடித்து அனுப்புவதுதான் நம் வழக்கம்.

கேள்வி கந்தசாமி

சரி, அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜி என்ன செய்கிறது? அவர்கள்தானே கண்காணிப்பு?

கணக்கு ஆபீஸ்

சிஏஜி முடிந்த பிறகு பார்ப்பவர்கள். அவர்கள் 2020 செப்டம்பரில் கொடுத்த ஆஃப்செட் அறிக்கையைப் படியுங்கள், ரஃபேல் சத்தத்தில் நல்ல பகுதி அமுங்கிப்போனது. வெளிநாட்டுக் கம்பெனி நம்மிடம் ஆயுதம் விற்றால் அதன் விலையில் ஒரு பங்குக்கு இங்கே வேலை கொடுக்க வேண்டும், அதுதான் ஆஃப்செட். 2005 முதல் 2018 மார்ச் வரை 46 ஒப்பந்தங்கள், 66,427 கோடி. 2018 டிசம்பருக்குள் 19,223 கோடிக்குச் செய்திருக்க வேண்டும். செய்தோம் என்று கம்பெனிகள் காட்டியது 11,396 கோடி. அமைச்சகம் ஏற்றுக்கொண்டது 5,457 கோடி, அதாவது காட்டியதில் பாதிகூட இல்லை. மிச்சத்துக்குத் தாள் சரியில்லை, அல்லது பரிசீலனையில். கோவை, ஓசூர், திருச்சி பட்டறைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய வேலை அது. கீழே யார் என்ன செய்தார் என்று மேலே பதிவு இல்லை என்றால் ஏமாற்றுபவன் மட்டும் தப்பிப்பதில்லை, ஒழுங்காகச் செய்தவனாலும் நிரூபிக்க முடியாது.

டல்லாஸ்வாசி

நன்றாகச் சொன்னீர்கள் சார். இங்கே ஒரு விஷயம் மட்டும் நிஜமாக வேலை செய்தது என்று நினைக்கிறேன். 2012இல் செனட் கமிட்டி போலி மின்னணு பாகங்கள் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தது. 2009, 2010 ரெண்டே வருடத்தில் சுமார் 1,800 சந்தேகக் கேஸ்கள், பத்து லட்சத்துக்கும் மேல் பாகங்கள். சி-130ஜே விமானத்தின் டிஸ்ப்ளே, பி-8ஏ விமானத்தில் பனி கண்டறியும் கருவி என்று பட்டியல். இந்தச் சிப்புகள் எப்படி வருகின்றன தெரியுமா, நாம் தூக்கிப்போடும் கம்ப்யூட்டர் குப்பை சீனாவுக்குப் போய், அங்கே போர்டைச் சூடாக்கிச் சிப்பை உருவி, கழுவி, மேலே இருக்கும் எழுத்தைத் தேய்த்து எடுத்து, கறுப்புப் பூச்சுப் பூசி, புது நம்பர் அடித்துத் திரும்ப விற்கிறார்கள். நாலைந்து கை மாறி ராணுவ விமானத்துக்குள் போய் உட்காரும்.

அறிக்கை முழுசாக வருவதற்கு முன்பே, விசாரணை நடந்த சூட்டில், 2011 டிசம்பர் கடைசியில் ஒரு சட்டப்பிரிவு போட்டார்கள். போலிப் பாகம் உள்ளே வந்தால் அதைக் கழற்றி மாற்றும் செலவை முதல் கம்பெனி அரசிடம் பில் போடக் கூடாது. அதற்கு முன் போட்டுக்கொண்டிருந்தார்கள்! தன் தவறைச் சரிசெய்வதற்கும் அரசிடமே காசு. அந்தப் பிரிவு வந்த பிறகுதான் பெரிய கம்பெனிகள் கீழே யாரிடம் வாங்குகிறோம் என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள், எங்கள் மாதிரி ஆட்களுக்கு வேலையும் வந்தது. பின்னால் சில விலக்குகள் சேர்த்து அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள் என்பது தனி.

சும்மா வந்தவன்

நம்ம ஊர்ல அதையே போட்டா பெரியவன் அப்படியே சின்னவன் தலையில கட்டிடுவான். பீளமேட்டு அண்ணாவுக்கு வந்த படிவம் அதுதானே? "முழுப் பொறுப்பும் எங்களுடையது."

டல்லாஸ்வாசி

உண்மை. இங்கேயும் கட்டப் பார்க்கிறார்கள். ஆனால் ஏழு பேர் பட்டறையிடம் ஒரு விமானத்தின் விலையை வசூலிக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் அரசு கையை வைக்க வேண்டிய இடம் மேலேதான். கீழே கையெழுத்து வாங்குவது மேலே இருப்பவர் வக்கீலுக்கு உதவும், பீரங்கிக்கு உதவாது.

பீளமேடு பட்டறை

எனக்கு ஒரு சந்தேகம், இதையும் கேட்டுவிடுகிறேன். நல்ல மில்லில் நேராக வாங்கினால் எல்லாத் தாளும் கிடைக்கும், ஆனால் டன் கணக்கில் வாங்க வேண்டும், எனக்கு ஒரு ஆர்டருக்கு எண்பது கிலோதான் வேண்டும். விலையும் கூட. எல்1, அதாவது யார் விலை குறைவு என்று பார்த்துத்தான் எனக்கு வேலையே வந்தது, ஒரு பின்னுக்கு நாலு ரூபாய் குறைத்துக் கேட்டார்கள், ஒத்துக்கொண்டேன். அந்த நாலு ரூபாயை நான் எங்கிருந்து எடுக்கிறேன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பில் நாலு மாதம் நிற்கும்போது கடனுக்கு ராடு தருபவர் இந்த வியாபாரி ஒருவர்தான். அவரிடம் போய் ஒரிஜினல் எம்டிசி கொடு என்று நான் எந்த முகத்தோடு சண்டை போடுவது?

கணக்கு ஆபீஸ்

இந்த ஒரு பத்தியை அமைச்சகத்தில் சுவரில் ஒட்டலாம்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில் பதிவு, இருக்கிறதல்லவா? 2006 சட்டப்படி சின்ன நிறுவனத்துக்கு 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. 2023-24 கணக்காண்டிலிருந்து வருமான வரியிலும் பிடி வைத்திருக்கிறார்கள், காலக்கெடுவுக்குள் உங்களுக்குக் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வருடம் வரை அவர்கள் செலவாகக் காட்ட முடியாது. சின்ன நிறுவனங்களின் நிலுவைக்கென்று அரசு வைத்திருக்கும் போர்ட்டலில் புகார் போடலாம். போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பதும் தெரியும், அதனால் போடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஜாடையாகப் பேசும்போது நீங்களும் ஜாடையாக அவர்கள் ஆடிட்டரை ஞாபகப்படுத்தலாம்.

ஆவடி ரிட்டையர்டு

இன்ஸ்பெக்ஷன் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களைத் திட்டுவது சுலபம். நல்ல ரெக்கார்டு இருக்கும் கம்பெனிகளுக்கு கிரீன் சேனல் கொடுத்து அனுப்புவதற்கு முந்தைய சோதனையை விட்டுவிடுகிறார்கள், வேகம் வேண்டும் என்பதற்காக. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், எல்லாவற்றையும் நாங்களே அளந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு சின்ன கேஸ்கெட்டுக்கு மூன்று மாதம் ஆகும். ஆனால் விட்டதால் மிச்சமான ஆளை எங்கே அனுப்பினார்கள்? கீழே மூணாவது நாலாவது கைக்கு, சொல்லாமல் கொள்ளாமல், நூறில் ஒரு இடத்துக்கு, கையில் ஒரு ஹேக்ஸாவோடு அனுப்பியிருக்கலாம். ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போய் அரசு லேபில் கொடுத்தால் போதும். தாளைப் பார்க்க ஆபீஸில் இருப்பவர் போதும், எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது இரும்பைப் பார்க்கத்தான். கடைசி பத்து வருடம் நான் ஃபைலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்புத் துண்டு

இதில் நான் உடன்படுகிறேன். ஆள் எடுக்கச் சொல்லுங்கள் முதலில்.

கேள்வி கந்தசாமி

கடைசியில் அவர் கையெழுத்துப் போடலாமா கூடாதா? அதை யாருமே சொல்லவில்லையே!

கணக்கு ஆபீஸ்

அப்படியே போடக் கூடாது. தெரிந்ததை மட்டும் எழுதிப் போடலாம். இன்ன தேதி, இன்ன கடை, பில் நம்பர் இது, எம்டிசியில் இருக்கும் ஹீட் நம்பர் இது, அதற்கு மேல் எங்களுக்குச் சரிபார்க்க வழியில்லை. பிறப்பிடம் பற்றி வியாபாரி சொன்னதே ஆதாரம் என்று ஒரு வரி. என்ஏபிஎல் (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் ஒரு துண்டு கொடுத்து ரிப்போர்ட்டைச் சேருங்கள். தரத்துக்கு அது நிற்கும்.

பீளமேடு பட்டறை

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ரெண்டு துண்டு லேபில் கொடுத்தேன். ஒன்று இஎன் 24, கச்சிதம். இன்னொன்றில் நிக்கல் கொஞ்சம் கம்மி, ஸ்பெக்குக்கு வெளியே. ஒரே கடை, ஒரே நாள், ஒரே பில். அந்த ரெண்டாவது ராடில் கடைந்த பின் எத்தனை என்று எண்ணி, இருப்பதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். ஏற்கெனவே போனதில் அந்த ராடு கலந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, பஞ்ச் அடிக்கும் பழக்கம் அப்போது இல்லை. அதையும் எழுதியே அனுப்பினேன்.

படிவத்தை நீங்கள் சொன்ன மாதிரி மாற்றி எழுதி, லேப் ரிப்போர்ட்டையும் சேர்த்து மெயில் போட்டேன். பர்சேஸில் இருக்கும் தம்பி போன் பண்ணினார். கோபப்படவில்லை, பாவம், பயந்துதான் பேசினார். இப்படி மாற்றி எழுதினால் மேலே வாங்க மாட்டாங்க அண்ணா, பழைய மாதிரியே ஒண்ணு போட்டுக் கொடுங்க, லேப் ரிப்போர்ட் வேண்டாம் என்றார். மேலே என்றால் யார், நானே நேராகப் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அவருக்கும் தெரியவில்லை. அவருக்கு வரும் டிராயிங்கிலும் அந்த மூலையை மறைத்துத்தான் அனுப்புகிறார்களாம்.

ஆவடி ரிட்டையர்டு

மெயிலை அழித்துவிடாதீர்கள். தனியாக எடுத்து வைத்த பின்களில் தேதி எழுதிக் கட்டி வையுங்கள், எண்ணெய் தடவி.